குரல்நாண் அசையவில்லை என்றால் நெஞ்சுக்கு ஏன் ஸ்கேன்?

2022 பிப்ரவரி 6, காலை. நகரி வாசகரின் கேள்வி

எங்கள் அப்பா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார், வயது 61. இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. பேசினால் பாதி காற்றாகவே வருகிறது, தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம், அதிமதுரம், பனங்கற்கண்டு எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் திருப்பதியில் ஓர் இ.என்.டி. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இடது குரல்நாண் அசையவில்லை என்று சொல்லி, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோளாறு தொண்டையில் இருக்கும்போது நெஞ்சைப் படம் எடுப்பது வீண் செலவு என்பது என் எண்ணம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு

நாளைக்கே ஸ்கேனை எடுத்துவிடுங்கள், தம்பி. காரணம் புரியாத செலவைத் தள்ளிப்போடுவது நம் வீடுகளில் வழக்கம் என்பதால், காரணத்தை இப்போதே விளக்கமாக எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை. தைராய்டு அறுவைக்குப் பின் என் இடது குரல்நாண் செயலிழந்தது. ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் ஒரு நோயாளி பட்டும் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை.

குரல்நாண்கள் இரண்டும் கழுத்தின் முன்புறம் கைக்குத் தட்டுப்படும் குருத்தெலும்புக்கு உள்ளே இருக்கின்றன. மூச்சு விடும்போது அவை விலகி வழிவிடும். பேசும்போதும் விழுங்கும்போதும் இருமும்போதும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அவற்றை அசைக்கும் நரம்பு, மூளைத்தண்டிலிருந்து இறங்கும் பத்தாவது கபால நரம்பான வேகஸின் கிளை. அது நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. கழுத்தைக் கடந்து கீழே போய், பிறகு திரும்பி மேலே ஏறி வருகிறது. மருத்துவர்கள் அதை ரெகரண்ட் லாரிஞ்சியல் நரம்பு என்பார்கள். வலப்பக்கத்தில் அது காறை எலும்பின் அடியில் ஓடும் தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறது. இடப்பக்கத்திலோ நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவுக்கு அடியில், கிணற்றுக் கப்பியில் கயிறு திரும்புவதுபோலத் திரும்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வழியாக ஏறி, தைராய்டின் பின்புறத்தைத் தொட்டபடி குரல்வளைக்குள் நுழைகிறது.

இவ்வளவு நீண்ட வழியில் எந்த இடத்தில் நரம்பு நசுங்கினாலும், அறுபட்டாலும், வீங்கினாலும், விளைவு ஒன்றுதான்: குரல்நாண் நின்றுவிடும். நுரையீரலில் ஒரு கட்டியாக இருக்கலாம், மார்பின் நடுவில் வீங்கிய நெறிக்கட்டிகளாக இருக்கலாம், பெருந்தமனியின் வீக்கமாக இருக்கலாம், உணவுக்குழாய் அல்லது தைராய்டில் வளர்ச்சியாக இருக்கலாம். எதுவுமே தென்படாமல், ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நரம்பு தானாகவே சோர்ந்துபோவதும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்கு, மற்றவை எல்லாம் இல்லை என்று பார்த்த பிறகே வர முடியும். இடது நரம்பின் பாதை வலதைவிட நீளம், நெஞ்சுக்குள் வரை போய் வருவது என்பதால், இடது குரல்நாண்தான் அதிகமாகப் பாதிக்கப்படுகிறது. உங்கள் அப்பாவுக்கு அசையாதிருப்பதும் இடதுதான். டாக்டர் எழுதிக் கொடுத்தது சரியான பரிசோதனை.

பீடி பழக்கம் உண்டா என்று எழுதுங்கள்.

பிப்ரவரி 7

உண்டு என்று எழுதியிருக்கிறார், இருபது வயதிலிருந்தே. அப்படியானால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

பிப்ரவரி 9

சென்ற குறிப்பைப் படித்துவிட்டு, குழாய் விட்டுப் பார்ப்பது வலிக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, மெல்லிய வளையும் குழாயை உள்ளே செலுத்துவார்கள். கண்ணில் நீர் வரும், தும்மல் வரும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. 'ஈ' என்று நீட்டச் சொல்வார்கள், மூக்கை உறிஞ்சச் சொல்வார்கள். அப்போது ஒரு நாண் நடுவுக்கு வந்து காத்திருப்பதும், மற்றொன்று வராமல் கிடப்பதும் திரையில் நமக்கே தெரியும். நான் பார்த்தேன். அதுவரை குரல் போய்விட்டது என்று மட்டும் தெரிந்திருந்த எனக்கு, போனது எது, போகாதது எது என்று அன்றுதான் தெரிந்தது.

குரல்வளையை உயிரோடிருப்பவரின் தொண்டைக்குள் முறையாகப் பார்த்து எழுதியவர் மருத்துவர் அல்லர் என்பதைப் பிறகு படித்து வியந்தேன். மனுவேல் கார்சியா என்ற ஸ்பானிய இசை ஆசிரியர் 1854-இல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தன் தொண்டையில் வைத்து, சூரிய ஒளியைத் திருப்பித் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதை அறிக்கையாக அளித்தார். குரலை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கே அதைப் பார்க்கும் தாகம் வந்திருக்கிறது.

பிப்ரவரி 15

நகரித் தம்பி எழுதியிருக்கிறார். இடது நுரையீரலின் மேற்பகுதியில் கட்டி, அதை ஒட்டி நெறிக்கட்டிகள். திசுப் பரிசோதனைக்கு வேலூர் போகிறார்கள். அவருக்குத் தனியாக எழுதியதை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த இழையைப் படிப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: குரல் கம்மல் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால், குறிப்பாகப் புகைப் பழக்கம் உள்ளவருக்கு நீடித்தால், அதற்குமேல் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதிமதுரமும் பனங்கற்கண்டும் வறண்ட தொண்டைக்கு இதமானவை, எங்கள் வீட்டிலும் உண்டு. நெஞ்சுக்குள் நசுங்கிக் கிடக்கும் நரம்பை அவை எட்டாது.

பிப்ரவரி 20

வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர், தன் மாமியாருக்கு இதே நோய் வந்து ஓராண்டில் தானாகச் சரியானதாகவும், ஆகவே பொறுமையாகக் காத்திருப்பதே போதும் என்றும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையைத் தவறான இடத்தில் வைத்தால் உயிருக்கு ஆபத்து. காத்திருப்பதில் இரண்டு வகை உண்டு. காரணம் தெரிந்த பின், நரம்பு திரும்பி வருகிறதா என்று காத்திருப்பது ஒன்று. காரணத்தைத் தேடாமலே காத்திருப்பது மற்றொன்று. முதலாவது மருத்துவம். இரண்டாவதற்கு நான் எந்த நிலையிலும் உடன்பட மாட்டேன்.

நரம்பு அறுபடாமல், இழுபட்டோ அழுந்தியோ வீங்கியோ மட்டும் இருந்தால் வாரங்களிலோ மாதங்களிலோ மீளும். பாதிக்கப்பட்ட நரம்பு இழை மறுபடி வளர்ந்து வரும் வேகம் ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பார்கள். அதனால்தான் நிரந்தரமான அறுவைக்கு ஒன்பது மாதம், ஓராண்டு என்று பொறுக்கச் சொல்கிறார்கள். நரம்பு அறுந்தது உறுதியாகத் தெரிந்தால் அவ்வளவு பொறுக்க வேண்டியதில்லை. குரல்வளைத் தசைகளில் நுண்ணிய ஊசியைச் செருகி மின்துடிப்பைப் பதிவுசெய்யும் இ.எம்.ஜி. பரிசோதனை சில பெரிய மருத்துவமனைகளில் உண்டு. நரம்பு மீளும் அறிகுறி இருக்கிறதா என்பதை அது ஓரளவு முன்கூட்டியே காட்டும்.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமியாரின் குரல் நாண் அசைந்து சரியானதா, அசையாமலே சரியானதா என்று யாரும் பார்க்கவில்லை போலும். அசையாமலே குரல் தேறுவது உண்டு. நரம்பு இழைகள் திரும்பி வளரும்போது, விலக்கும் தசைக்குப் போக வேண்டியது சேர்க்கும் தசைக்கும், சேர்க்கும் தசைக்குப் போக வேண்டியது விலக்கும் தசைக்குமாக மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டால், நாண் அசையாது. ஆனால் தசைக்கு உயிரோட்டம் வந்துவிடுவதால் அது மெலிந்து தொங்காமல் நடுவுக்கு அருகே விறைப்பாக நிற்கும். நல்ல நாண் வந்து அதோடு சேர்ந்துகொண்டால் குரல் கிட்டத்தட்ட இயல்பாகிவிடும். குழாயில் பார்த்தால் மட்டும் முடக்கம் அப்படியே தெரியும். ஆகையால் 'டாக்டர் இன்னும் அசையவில்லை என்கிறார், ஆனால் பேச்சு நன்றாக இருக்கிறது' என்று குழம்புகிறவர்கள் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

மார்ச் 6

என் கதையைக் கேட்டுப் பலர் எழுதியிருப்பதால், பயன்படும் அளவுக்குச் சொல்கிறேன்.

தைராய்டில் இடப்பக்கக் கட்டி. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் அந்தப் பாதியை எடுத்தார்கள். கண் விழித்தபோது பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது. மயக்கத்துக்கு வைத்த குழாயால் தொண்டை புண்ணாகியிருக்கும், சில நாளில் தெளிந்துவிடும் என்றார்கள். பலருக்கு அப்படித் தெளிந்தும் விடுகிறது என்பதால் அந்தப் பதிலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறுவைக்கு முன்பும் பின்பும் குரல்நாணைக் குழாய் விட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம், அதைக் கேட்டுப் பெறுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன். தேர்ந்த அறுவையாளர்களின் கையிலும், நிரந்தரமான நரம்பு முடக்கம் நூற்றில் ஒருவர் இருவருக்கு நேர்கிறது; தற்காலிகமாக நேர்வது அதைவிட அதிகம். கழுத்தை முன்புறமாகத் திறந்து செய்யும் முதுகுத்தண்டு அறுவை, இதய அறுவை, கழுத்துத் தமனி அறுவை, உணவுக்குழாய் அறுவை ஆகியவற்றுக்குப் பின்பும் இது வரலாம். மயக்கத்துக்கு வைக்கும் குழாயின் அழுத்தத்தாலும் அரிதாக வரும்.

எனக்கு முதலில் போனது சத்தம். அதைவிட வாட்டியது மூச்சு. நாண்கள் சேராததால், நுரையீரலில் இழுத்த காற்றெல்லாம் இரண்டு மூன்று சொல்லுக்குள் ஒழுகிப் போய்விடும். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை மூச்சு வாங்க வேண்டும். பேருந்தில் நடத்துநரிடம் ஊர்ப்பெயர் சொன்னால் அவருக்குக் கேட்காது. தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டேன். இருமினால் இருமலுக்கு வலு இருக்காது, சளி வெளியே வராது. வகுப்பில் இரண்டாம் பீரியடுக்குள் கழுத்துத் தசைகளெல்லாம் இறுகி வலிக்கும். வெளியாட்களுக்குக் கரகரப்பு மட்டும் தெரியும். 'தொண்டை கட்டிக்கொண்டதா டீச்சர்?' என்று கேட்டு, வெந்நீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். உடல் தளர்ச்சி யாருக்கும் தெரியாது.

பாலக்காட்டில் பார்த்த இ.என்.டி. டாக்டர், நரம்பு மீள்வதற்குக் காலம் கொடுப்போம், ஆனால் அதுவரை நீங்கள் ஊமையாக இருக்க வேண்டியதில்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். செயலிழந்த நாணுக்குள் ஊசி மூலம் ஒரு பசை போன்ற பொருளைச் செலுத்தி அதைப் பருமனாக்கினார். பருத்த நாண் நடுவை நோக்கி நகர்ந்து நிற்க, நல்ல நாண் வந்து தொட்டுக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே குரல் மாறியது. சில மாதங்களில் கரைந்துவிடும் பொருள்தான் அது. அதற்குள் நரம்பு மீண்டால் நல்லது, மீளாவிட்டால் அடுத்ததைப் பார்க்கலாம் என்பது கணக்கு.

மீளவில்லை. அடுத்ததைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

மார்ச் 8

ஊசியில் செலுத்தும் பொருள் உடம்புக்குக் கெடுதியா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1911-இல் ஜெர்மனியில் புரூனிங்ஸ் என்ற மருத்துவர் மெழுகைச் செலுத்திப் பார்த்தார். அது இடம் பெயர்ந்தும் திசுவை அழற்றியும் தொல்லை கொடுத்ததால் கைவிடப்பட்டது. 1960-களில் டெஃப்லான் வந்தது. முதலில் நன்றாக வேலை செய்தது, ஆண்டுகள் கழிந்தபின் பலருக்கு நாணுக்குள் கடினமான முடிச்சுகள் உண்டாயின. இன்று பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், அல்லது நோயாளியின் சொந்தக் கொழுப்பு ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். முதல் இரண்டும் மாதக் கணக்கில் கரைந்துவிடும். கால்சியம் வகை ஓராண்டுக்கு மேலும் நிற்கும். எந்தப் பொருள், எவ்வளவு நாள் நிற்கும் என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள். நரம்பு மீள வாய்ப்புள்ளவருக்கு நீண்ட நாள் நிற்கும் பொருளைச் செலுத்துவது பொருத்தமில்லை.

மார்ச் 19

நகரியில் முடிவு வந்துவிட்டது. நுரையீரல் புற்றுநோய், அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டியிருக்கிறது. கீமோதெரபி தொடங்கப் போகிறார்கள்.

தம்பி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். 'இவ்வளவு பெரிய நோய் இருக்கும்போது குரலுக்கு ஊசி போடுவது ஆடம்பரம் அல்லவா?' இல்லை. உறுதியாக இல்லை. உங்கள் அப்பா தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறது என்று முதல் நாளே எழுதியிருந்தீர்கள். நாண்கள் சேராத தொண்டையில் தண்ணீரும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் நழுவும், இருமலுக்கு வலு இல்லாததால் உள்ளே போனது வெளியே வராது, நிமோனியா வரும். கீமோ எடுக்கும் உடம்பு அதைத் தாங்காது. அதோடு, மருத்துவரிடம் வலியைச் சொல்லவும், வீட்டாரிடம் தன் விருப்பத்தைச் சொல்லவும் அவருக்கு இப்போதுதான் குரல் மிகுதியாகத் தேவை. சில நிமிடங்களில் முடியும் ஊசி. கேட்டுப் பெறுங்கள்.

மார்ச் 20

புரை ஏறுவதற்கு எனக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தவை: நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, தலையைச் செயலிழந்த நாணின் பக்கம் திருப்பிக்கொண்டு விழுங்க வேண்டும். இடது நாண் என்றால் இடப்பக்கம். சிறு மிடறாகக் குடிக்க வேண்டும், அண்ணாந்து குடிக்கவே கூடாது. டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கும் நம் பழக்கம் இந்த நோயாளிக்கு ஆகாது. தண்ணீர்தான் மிகக் கடினம். கஞ்சி, ராகிக் கூழ், கெட்டி மோர் போன்றவை மெதுவாக இறங்குவதால் எளிது. ஆனால் ஒவ்வொருவரின் விழுங்கும் கோளாறும் வேறு வேறு, ஆகவே ஒரு முறையாவது தெரபிஸ்ட் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஏப்ரல் 3

முதல் குறிப்பில் இடப்பக்கத்தையே விரித்து எழுதியதால், வலது குரல்நாண் என்றால் பயமில்லை என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். அப்படி அல்ல. வலது நரம்பும் நுரையீரலின் உச்சிக்கு அருகே திரும்புகிறது. தைராய்டும் அதன் வழியில்தான் இருக்கிறது. எந்தப் பக்கமானாலும் மண்டையோட்டின் அடித்தளத்திலிருந்து மேல் நெஞ்சு வரை நரம்பின் முழுப் பாதையையும் ஸ்கேனில் பார்க்க வேண்டும். கோளாறு மேலே, மண்டையோட்டின் அடியிலேயே இருந்தால் வேறு நரம்புகளும் சேர்ந்து பாதிக்கப்படும்: குடித்தது மூக்கு வழியாக வரும், விழுங்குவது மிகக் கடினமாகும். மூளைத்தண்டில் வரும் ஒருவகைப் பக்கவாதத்திலும் குரல்நாண் நின்றுபோகும்.

நரம்பு நன்றாக இருந்தும் நாண் அசையாமலிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடக்குவாதத்தில் விரல் மூட்டு இறுகுவதைப் போலவே குரல்வளையின் சிறு மூட்டும் இறுகும். மயக்கக் குழாய் வைக்கும்போது அந்த மூட்டு பிசகவும் கூடும். பிசகு என்றால் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் சரிசெய்வது எளிது.

ஏப்ரல் 10

நரம்பைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லத்தக்க செய்திகள் இரண்டு கிடைத்தன. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் இந்த நரம்புகளைக் கட்டியதும் சத்தம் நின்றுபோனதைப் பலர் முன்னிலையில் செய்து காட்டினார். குரல் இதயத்திலிருந்து பிறக்கிறது என்று நம்பியவர்களுக்கு, மூளையே அதை ஆள்கிறது என்று காட்டிய சோதனை அது. மற்றொன்று, ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே நரம்பு இதே சுற்றுவழியில்தான் போகிறது. அந்த நெடிய கழுத்தில் இறங்கி ஏறுவதால் பல மீட்டர் நீளம்.

ஏப்ரல் 24

மறையூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். தைராய்டு முழுவதையும் எடுத்த பிறகு அவருடைய அக்காவுக்குப் பேச்சு நன்றாகவே இருக்கிறதாம், ஆனால் மலையேறும்போது மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறதாம், இரவில் அதிகமாம். ஆஸ்துமா மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா, இது அவசரம். மற்ற குறிப்புகளில் எழுதியதற்கு நேர்மாறான நிலை இது. இரண்டு நாண்களும் செயலிழந்தால் அவை பெரும்பாலும் நடுவுக்கு அருகிலேயே நின்றுவிடும். நெருங்கி நிற்பதால் பேச்சு கெடாது; விலக மாட்டாததால் மூச்சுக்கு வழி இருக்காது. குரல் நன்றாக இருப்பதைக் கண்டு யாரும் குரல்நாணைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சு விடும்போது விசில் சத்தம் வரும், இதிலோ மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வரும். சாதாரணச் சளி பிடித்து நாண் சற்றே வீங்கினாலும் வழி முழுவதும் அடைபடலாம். இன்றே இ.என்.டி. உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூச்சு மிகவும் திணறினால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். பயப்படாதீர்கள், அது உயிரைக் காப்பது. பிறகு லேசர் கொண்டு ஒரு நாணின் பின்பகுதியைச் சிறிது வெட்டி வழியை அகலப்படுத்துவதும், ஒரு நாணைத் தையலிட்டு ஒதுக்கி வைப்பதும் உண்டு. வழி அகலும் அளவுக்குக் குரல் குறையும். எவ்வளவு மூச்சு, எவ்வளவு குரல் என்பதை நோயாளியே மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும்.

ஏப்ரல் 26

மறையூர் அக்காவைக் கோட்டயத்துக்கு அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு நாண்களும்தான். மூச்சுக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது.

மே 15

எனக்கு நடந்த நிரந்தர அறுவையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதன் பெயர் தைரோபிளாஸ்டி. முதல் பாதியில் உள்ள சொல்லைப் பார்த்து, மறுபடி தைராய்டையா வெட்டுகிறார்கள் என்று என் அம்மா கலங்கிவிட்டார். அது குரல்வளையின் குருத்தெலும்பில் செய்வது, சுரப்பியில் அல்ல. ஜப்பானிய மருத்துவர் நோபுஹிகோ இஷ்ஷிகி 1974-இல் வகுத்த முறை, சிறு மாற்றங்களோடு இன்றும் செய்யப்படுகிறது.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. கழுத்தை மரத்துப்போக வைத்து, சற்றே தூக்கக் கலக்கமாக இருக்கும்படி மருந்து கொடுத்தார்கள். தோல் மடிப்பில் சிறு வெட்டு. குருத்தெலும்பில் சில மில்லிமீட்டர் அளவில் ஒரு சன்னல். அதன் வழியாகச் சிலிக்கானில் செதுக்கிய சிறு துண்டை வைத்து, செயலிழந்த நாணை வெளியிலிருந்து நடுவுக்குத் தள்ளினார்கள். நோயாளி விழித்திருக்க வேண்டியதன் காரணம், துண்டு சரியாக உட்கார்ந்ததா என்பதைக் குரல்தான் சொல்ல முடியும். 'பேசுங்க டீச்சர், என்ன வேணும்னாலும் பேசுங்க' என்றார் டாக்டர். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வகுப்பின் வருகைப் பதிவேட்டை மனப்பாடமாக வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். முதல் சில பெயர்கள் காற்றாக வந்தன. துண்டை எடுத்துச் செதுக்கி மீண்டும் வைத்தார். அடுத்த பெயர் இறுக்கமாக, நெரித்த குரலாக வந்தது. மறுபடி சிறிது செதுக்கினார். பிறகு வந்தது என் குரல். மேசையிலேயே அழுதுவிட்டேன், தொண்டை அசைகிறது, அழாதீர்கள் என்று கண்டித்தார்கள்.

அளவு மீறி எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். பேச்சுக்குரல் திரும்பிவிட்டது, மூச்சு வாங்குவது நின்றது, புரை ஏறுவது அரிதாயிற்று. உரக்கக் கத்த முடியாது. உச்ச ஸ்தாயி போய்விட்டது, காலை வழிபாட்டுப் பாடலை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. துண்டு நாணை நடுவில் நிறுத்துகிறதே தவிர அசைய வைப்பதில்லை.

அறுந்த நரம்பின் முனையோடு கழுத்திலுள்ள வேறொரு நரம்பை இணைக்கும் அறுவையும் இருக்கிறது. பலன் தெரியப் பல மாதம் ஆகும். நாண் அசையாது, ஆனால் தசை மெலியாமல் காக்கப்படும். வயது குறைந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது ஏற்றதென்று சொன்னார்கள்.

ஜூன் 12

பள்ளி திறந்துவிட்டதால், குரல் கெட்ட ஆசிரியர்கள் பலர் எழுதுகிறீர்கள். முதலில் குழாய் விட்டுப் பாருங்கள். ஆசிரியர்களின் கம்மலுக்குப் பெரும்பாலும் காரணம் நாணில் உண்டாகும் சிறு தடிப்புகள், முடக்கம் அல்ல.

முடக்கம்தான் என்றால், குரலை முக்கிக்கொண்டு வெளியே தள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் நாணுக்கு மேலுள்ள தசை மடிப்புகள் வேலைக்கு வந்து நெருக்கிக்கொள்ளும். நரம்பு மீண்ட பிறகும் அந்த நெருக்கம் பழக்கமாக நின்றுவிடும். கிசுகிசுப்பதும் ஓய்வாகாது. இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கியும் தலையில் மாட்டும் மைக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், நான் இன்றும் பயன்படுத்துகிறேன். தெரபிஸ்ட் எனக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, உறிஞ்சுகுழாயைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விட்டபடி 'ஊ' என்று சத்தம் கொடுப்பது. இன்னொன்று, 'ஆ' என்று ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது. நலமாக உள்ள பெரியவர்கள் 15 விநாடிக்கு மேல் நீட்டுவார்கள். நாண் சேராதவருக்குப் பத்தைத் தொடுவதே கடினம். நம் முன்னேற்றத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பகுதியில் தெரபிஸ்ட்டுகள் பெரும்பாலும் மலையாளத்தில்தான் பேசுவார்கள். பயிற்சிக்கு அது தடையில்லை, சத்தம் எந்த மொழிக்கும் பொதுவானது. ஆனால் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகும்போது, வாசித்துப் பழகத் தமிழ்ப் பத்தி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள 'நிஷ்' நிறுவனமும், மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனமும் இந்தத் துறைக்கென்றே உள்ளவை.

ஜூலை 17

இதய நோயும் குரல் கம்மலும் சேர்ந்து வருமா என்று கொல்லங்கோட்டிலிருந்து கேள்வி. வரும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, இதயத்தின் இடது மேலறையும் நுரையீரல் தமனியும் பெரிதாகும்போது, பெருந்தமனிக்கு அடியில் திரும்பும் இடது நரம்பு இடையில் சிக்கி நசுங்கும். வியன்னாவில் ஆர்ட்னர் என்ற மருத்துவர் 1897-இல் இதை எழுதினார். மூச்சு வாங்குவதோடு குரலும் கம்மினால் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான். மார்புக்குள் காசநோய் நெறிக்கட்டி இருந்தாலும் இப்படி நேரும். மாத்திரையை முழுக் காலமும் உட்கொண்டால் சிலருக்குக் குரலும் திரும்புகிறது.

ஆகஸ்ட் 7

நகரியிலிருந்து கடிதம். ஏப்ரலிலேயே ஊசி போட்டுவிட்டார்கள். கீமோ நடக்கிறது. கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்துவிட்டாராம், நிமோனியா வரவில்லை. தறிக்கூடத்துக்குப் போக முடியாது. ஆனால் பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அதட்டுகிறார் என்று தம்பி எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பத்துக்கு என்ன நடக்கப் போகிறதென்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

அக்டோபர் 9

ஒரு நாண் செயலிழந்தவர் பிற்காலத்தில் வேறு அறுவைக்குப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கும் வாசகருக்கு. எந்த அறுவையானாலும், பல் அறுவையானாலும் குடலிறக்கமானாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: எந்தப் பக்க நாண் முடங்கியது, ஊசி போட்டதா, துண்டு வைத்ததா, எந்த ஆண்டு. சிறிய குழாயைத் தேர்ந்தெடுக்கவும் கவனமாக வைக்கவும் அது உதவும். கோயம்புத்தூரிலும் திருச்சூரிலுமாக மாறி மாறிப் பார்ப்பவர்கள், ஒரு மருத்துவமனையின் தாள் மற்றொன்றில் இருக்காது என்பதால், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைத் தாங்களே வைத்திருங்கள்.

தைராய்டின் மறுபாதியையும் எடுக்க வேண்டி வந்தால், கத்தி வைக்கும் முன் இரண்டு நாண்களையும் குழாய் விட்டுப் பார்க்காமல் சம்மதத் தாளில் கையெழுத்திடாதீர்கள். இருப்பது ஒரே ஒரு நல்ல நாண். அதன் நரம்பும் போனால் மறையூர் அக்காவின் நிலைதான்.

என் வலது பாதியில் இப்போது ஒரு சிறு கட்டி தெரிகிறது. ஊசியில் எடுத்துப் பார்த்ததில் கெடுதியில்லை என்று வந்திருக்கிறது. ஆகவே வெட்டாமல், ஆண்டுக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டு பார்த்து வருவது என்று டாக்டரும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.